மூட்டைப்பூச்சிக்கு வெயிலா, கொதிநீரா, மருந்தா?

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர்ப் பக்கம் மூட்டைப்பூச்சி என்றதும் இரண்டு யோசனை உடனே வந்துவிடும். மெத்தையைத் தூக்கி மொட்டை மாடியில் போடு என்பது ஒன்று. பூச்சிமருந்துக் கடையில் ஏதாவது வாங்கி அடி என்பது இன்னொன்று. மலையேறிக் கேரள எல்லையிலுள்ள குமுளிக்குப் போனால் முதல் யோசனை அங்கேயே அடிபட்டுப் போகும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொண்டால் அங்கே சேலை காய்வதே பெரும்பாடு, மெத்தை எங்கே காயும்? அதனால் எந்த வழி நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனமில்லை. எந்த ஊர், என்ன மெத்தை, சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்த மலைப்பாதைகளில் போக்குவரத்து ஓய்வதே இல்லை. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏறுகின்றன. வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், தங்கி வேலை பார்ப்பவர்கள் பையும் போர்வையுமாக விடுமுறைக்கு இறங்கி வருகிறார்கள். கார்த்திகை பிறந்தால் குமுளி லாட்ஜுகளில் ஐயப்ப பக்தர்கள் மாறி மாறித் தங்குகிறார்கள். இத்தனை பையும் படுக்கையும் நடமாடும் இடத்தில் மூட்டைப்பூச்சி யார் வீட்டுக்கும் வரும். அழுக்கு வீட்டில்தான் வரும் என்பது வெறும் பேச்சு. அதற்கு வேண்டியது மனித ரத்தமும் ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கும். பளிங்குத் தரை போட்ட வீட்டிலும் கட்டிலுக்கு ஆணித்துளை உண்டு. வெளியே தெரிந்தால் கேவலம் என்று மறைத்து, ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஸ்ப்ரே அடிப்பவர்கள்தான் கடைசியில் தெருவுக்கே பரப்பிவிடுகிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டையைக் கொல்லாத எந்த வழிக்கும் முதல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

காரணம் இதன் வளர்ச்சியில் இருக்கிறது. நம் பக்கம் அதிகம் இருப்பது வெப்பநாட்டு மூட்டைப்பூச்சி. அறிவியல் பெயர் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். பெண் பூச்சி தினம் சில முட்டைகளாகத் தன் ஆயுளில் சில நூறு முட்டை இடும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். வெள்ளையாக, மரத்தோடு பிசின் வைத்து ஒட்டியதுபோல இருக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். குஞ்சு ஐந்து தடவை தோலுரித்த பிறகே முழுப் பூச்சி ஆகிறது. ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் ரத்தம் குடித்தாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை ஓடுகிற பூச்சியைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். இன்று அடித்து நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கி, அடுத்த வாரம் பழையபடி சொறிந்துகொண்டு எழுவது இதனால்தான்.

செலவு செய்வதற்கு முன்பு அது மூட்டைப்பூச்சிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தடிப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே கட்டிலில் படுத்தாலும் மனைவிக்கு வரிசையாகத் தடித்திருக்கும், கணவருக்கு ஒன்றுமே தெரியாது. அவரையும் கடித்திருக்கும், உடம்பு காட்டிக்கொள்ளாது, அவ்வளவுதான். விரலிடுக்கில் அரிப்பு, ராத்திரியானால் கூடுகிறது, வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது என்றால் அது சொறிசிரங்காக இருக்கலாம், டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். கணுக்காலைச் சுற்றி மட்டும் என்றால் நாயின் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகப்படலாம்.

பார்க்க வேண்டிய இடம் கட்டில். பகலிலேயே டார்ச்சும் பழைய ஏ.டி.எம். கார்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டு, தலைமாட்டுப் பக்கத்துப் பலகையைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். திருகாணி இறங்கும் துளையின் விளிம்பில் பேனா மை தெறித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஈரத்துணியால் தொட்டால் அந்தப் புள்ளி துருநிறமாக இழுபடும். அது செரித்த ரத்தம். பக்கத்தில் காற்றில் பறக்கிற மாதிரி வெளிறிய தோல்கள் கிடக்கும். கார்டின் முனையை இடுக்கில் விட்டு இழுத்தால் தட்டையான, செம்பழுப்பான ஒன்று வெளியே வரும், ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் நீளம், ஆறு கால். எட்டுக் கால் இருந்தால் அது உண்ணி. நசுக்கினால் பச்சைக் கொத்தமல்லியை நினைவூட்டும் ஒரு காட்டமான வாடை அடிக்கும். கொத்தமல்லி இலையில் இருக்கும் ஆல்டிஹைடுகளுக்கு நெருங்கிய உறவுக்காரப் பொருள்கள்தான் இதிலும் இருக்கின்றன. மெத்தையின் ஓரத்தையல், கட்டில் காலின் மூட்டு, ஸ்விட்ச் பெட்டி, சாமி படத்தின் பின்பக்கம், சுவரோரம் சாத்திய பாய்ச்சுருள் என்று தலைமாட்டிலிருந்து தொடங்கித் தள்ளித் தள்ளித் தேடினால் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த அளவுதான் பிறகு எல்லா முடிவுக்கும் அடிப்படை.

இனி வழிகள்.

மெத்தையை எறிவது பார்க்க வீரமாக இருக்கும், பலன் குறைவு. கட்டில் துளையிலும் சுவர் விரிசலிலும் இருப்பவை அப்படியே இருக்கும். புது மெத்தை வந்ததும் அதில் குடியேறும். தெருவில் போட்ட மெத்தையை வேறொருவர் எடுத்துப்போய்ப் படுப்பார். ஆனால் இலவம்பஞ்சு மெத்தைக்கு எறிவதைவிட நல்ல வழி போடி, கம்பம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்: பிரித்து அடைப்பது. மெத்தை தைக்கும் பெரியவர் ஒருவர் சொன்னது, "உறையை வெந்நீர்ல போடாம பஞ்சை மட்டும் பிரிச்சு அடைச்சா என்ன தம்பி பிரயோஜனம்? அது பூரா தையல்லதான இருக்கு." சரியான பேச்சு. உறையைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, பஞ்சை மெல்லப் பரப்பி நல்ல வெயிலில் காயவிட்டு, முடிந்தால் புது உறையில் அடைத்தால் மெத்தையைக் காப்பாற்றிவிடலாம். ஃபோம், ஸ்பிரிங் மெத்தைகளுக்கு இது ஆகாது. அவற்றுக்கு முழுதாக மூடும் ஜிப் உறை இருக்கிறது. உள்ளே இருப்பது உள்ளேயே கிடந்து பட்டினியில் சாகும். ஆனால் பட்டினி கிடந்தே சில மாதம் உயிரோடு இருக்கும் பூச்சி இது. ஜிப்பைத் திறந்து பார்க்கும் ஆசை கூடாது. ஒரு வருஷம் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

வெயிலைப் பற்றி நம் ஆட்களுக்கு இருக்கும் நம்பிக்கையில் பாதிதான் நியாயம். சூட்டில் மூட்டைப்பூச்சி சாகும் என்பது உண்மை. 48 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பூச்சியும் முட்டையும் போய்விடும். 50-ஐத் தாண்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தச் சூடு பூச்சி இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கம்பத்து மொட்டை மாடி காலை வைக்க முடியாதபடி சுடும், மெத்தையின் மேல்துணியும் சுடும். நடுப்பஞ்சு சுடாது, அடிப்பக்கம் நிழல். பூச்சி மேலிருந்து கீழே நகர்ந்துகொள்ளும். கம்பால் அடித்தால் கொஞ்சம் உதிரும். உதிர்ந்தது மாடிப்படி வழியாகவே வீட்டுக்குள் வரும்.

துணிமணிக்கு மட்டும் வெயில் நல்ல வழி. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் தளர்வாகப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, உச்சி வெயிலில் வெறும் சிமெண்ட் தரையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். பையின் நடுவில் ஒரு வெப்பமானி வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. ஆடிக் காற்று அடிக்கும் நாளில் இதை நம்ப முடியாது, பை சூடே ஏறாது. குமுளியிலும் வண்டன்மேட்டிலும் இருப்பவர்கள் வெயில் என்ற வார்த்தையையே வருஷத்தில் பாதி நாள் மறந்துவிடலாம்.

அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி வேலை செய்வது கொதிநீரும் ஆவியும்தான். என் முதல் ஓட்டு இதற்கு. இரும்புக் கட்டில், பலகைக் கட்டில், கயிற்றுக் கட்டில் எதுவானாலும் வாசலுக்குக் கொண்டுவந்து, கழற்ற முடிந்ததைக் கழற்றி, ஒவ்வொரு மூட்டிலும் துளையிலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பூச்சியும் முட்டையும் அந்த இடத்திலேயே முடிந்தன. நம் பாட்டிமார் செய்ததுதான். பழைய வழி என்பதற்காக அதைக் கீழாக நினைக்க வேண்டியதில்லை. பிளைவுட் கட்டில் என்றால் தண்ணீரில் ஊதிவிடும். துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமரை அதற்குப் பயன்படுத்தலாம். முனையை இடுக்கோடு ஒட்டி, மெதுவாக நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் ஆவியின் வேகத்தில் பூச்சி பறந்து வேறு இடத்தில் விழும். ஸ்விட்ச் பெட்டிக்கு ஆவி ஆகாது. விரிப்பு, தலையணை உறை, போர்வைக்கு 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீர். வாஷிங் மெஷினில் சூடு வைக்கும் வசதி இல்லையென்றால் அண்டாவில் கொதிக்கவைத்து முக்கிவிடுங்கள்.

இதன் குறை உழைப்பு. ஒரு தடவை செய்துவிட்டு விட முடியாது. ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்த்து, விட்டுப்போனதிலிருந்து பொரிந்ததைப் பிடிக்க வேண்டும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் கட்டிலைக் கழற்று என்று சொல்வது சுலபம்.

மருந்துக்கு வருவோம். கடையில் வாங்கும் ஸ்ப்ரே டப்பாக்களில் பெரும்பாலும் பைரெத்ராய்டு வகை மருந்து இருக்கும். இவற்றுக்கு மூட்டைப்பூச்சி பழகிப்போன கதை பழையது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு டிடிடி என்ற பூச்சிமருந்து எல்லாப் பூச்சியையும் ஒழித்துவிடும் என்று நம்பினார்கள். 1947-லேயே ஹவாய் தீவின் பேர்ல் ஹார்பரில் டிடிடிக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள். இந்தியாவில் 1953-இல் மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கி வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் டிடிடி அடித்தபோது இங்கேயும் அதே கதை நடந்தது. பைரெத்ராய்டும் பூச்சியின் நரம்பில் டிடிடி தாக்கும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. தாத்தா காலத்து மருந்துக்குத் தப்பிய வம்சம் இன்றைய டப்பாவுக்கும் பாதி தயாராகவே பிறக்கிறது. போதாததற்கு, ஸ்ப்ரேயின் நெடி பட்டதும் பூச்சிகள் சிதறிச் சுவர் விரிசல் வழியாக அடுத்த அறைக்குப் போய்விடும். அறை முழுக்கப் புகை பரப்பும் டப்பாக்கள் இன்னும் மோசம். புகை நடு அறையில் நிற்கும், இடுக்குக்குள் போகாது.

இந்த எல்லைப் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. ஏலச்செடிக்கு அடிக்கும் மருந்து பல வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. "செடியில இருக்குற பேனே சாகுது, இது சாகாதாக்கா?" என்று கேட்டுக்கொண்டு குயினால்பாஸை மெத்தையில் தெளிக்கத் துணிகிறார்கள். அது திறந்தவெளியில், முகமூடியும் கையுறையும் போட்டு அடிப்பதற்கான விஷம். அதன்மேல் எட்டு மணி நேரம் முகம் பதித்துப் படுப்பதற்கானது அல்ல. தானியத்துக்குப் போடும் மாத்திரைகளை மூடிய அறையில் வைப்பது அதைவிடக் கொடுமை; அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு பக்கத்து அறையில் தூங்குகிறவரையும் கொல்லும். சென்னையை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பரில் வீட்டுக்குள் எலி மருந்து வைத்ததில் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் தெளிப்பது மூட்டைப்பூச்சிக்கு முன்னால் வீட்டைக் கொளுத்திவிடும்.

தீங்கு குறைந்தது என்று விற்கும் பொருள்களில் எல்லாம் உபயோகமானவை அல்ல. போரிக் பவுடர் கரப்பானுக்குச் சரி, அது தின்று சாகும்; மூட்டைப்பூச்சி ரத்தத்தைத் தவிர எதையும் வாயில் வைக்காது. வேப்பிலை, நொச்சி, வசம்பு எல்லாம் வாசனைக்கு நல்லது. அந்துருண்டையைத் தொட்டில் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சில குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களையே சிதைக்கும். டயட்டமேசியஸ் எர்த் என்ற வெண்பொடி வேலை செய்யும். பூச்சியின் மேல்தோலில் இருக்கும் மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொல்லும். இடுக்குகளில் மெல்லிசாகத் தூவ வேண்டும், மூக்கைக் கட்டிக்கொண்டு. மெத்தைமேல் கொட்டக் கூடாது. கம்பத்து வறட்சியில் பலன் தெரியும். குமுளியின் ஈரக்காற்றில் பொடி மந்தமாகிவிடும்.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிடுவது எப்போது? ஒரு கட்டிலோடு நின்றால் தேவையில்லை என்பேன். இரண்டு மூன்று அறைக்குப் பரவிவிட்டது, சோபாவிலும் இருக்கிறது, சுவரில் விரிசல்கள், கட்டிலைக் கழற்ற வீட்டில் ஆளில்லை என்றால் கூப்பிடுவதே சிக்கனம். மாதாமாதம் வாங்கும் டப்பா எல்லாம் சேர்ந்தால் அதற்குமேல் ஆகிவிடும். பேரம் பேசும்முன் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா? என்ன மருந்து, அதன் லேபிளைக் காட்ட முடியுமா? இரண்டாவது தடவை எப்போது வருவீர்கள்? இரண்டு வாரம் கழித்து என்று தானாகச் சொல்கிறவருக்கு முட்டை பற்றித் தெரியும். "ஒரே தடவை சார், ஒரு வருஷம் கேரண்டி" என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மீன் தொட்டி இருந்தால் அதையும் சொல்லுங்கள், பைரெத்ராய்டு மீனுக்கு எமன். அவர் வருமுன் கொதிநீர் வேலையை நீங்கள் முடித்திருந்தால் மருந்துக்கு மிச்சம் குறைவு.

எந்த வழியை எடுத்தாலும் கூடவே ஒரு தடுப்பு வேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். போர்வையோ கொசுவலையோ தரையைத் தொடக் கூடாது. நான்கு கால்களுக்கும் அடியில் கிண்ணம் வையுங்கள். வெளிநாட்டில் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணமே போதும் என்பார்கள், ஏனென்றால் அங்கத்திய இனத்தால் அதில் ஏற முடியாது. நம் வெப்பநாட்டு இனத்துக்குக் காலில் பிடிமானம் அதிகம், வழவழப்பிலும் ஏறிவிடும். ஆகவே கிண்ணத்தின் உட்சுவரில் முகப்பவுடர் தடவ வேண்டும், அல்லது சோப்புத் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். பலகாரக் கூடை வைக்கும் மேசைக் காலுக்கு எறும்பு ஏறாமல் வைப்போமே, அதே ஏற்பாடு. வாரத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீரை மாற்றுங்கள், டெங்குக் கொசுவுக்கு இடம் கொடுக்க வேண்டாம். முக்கியமாக, பயந்துபோய் ஹாலில் போய்ப் படுக்காதீர்கள். நம் மூச்சையும் உடல் சூட்டையும் மோப்பம் பிடித்து அவையும் ஹாலுக்கு வந்துவிடும். அதே கட்டிலிலேயே படுத்தால் அவை கிண்ணத்தில் வந்து விழும், எத்தனை மிச்சம் என்று கணக்கும் கிடைக்கும். அப்புறம், இந்தப் பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. சொறிந்து புண்ணாகாமல் பார்த்துக்கொண்டால் நிதானமாகவே வேலை செய்யலாம்.

தனி வீட்டுக்கு இவ்வளவு போதும். லயத்திலும் வரிசை வீட்டிலும் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. நடுச்சுவர் ஒன்றுதான், ஓட்டுக்கடியில் அது முழுதாக மூடியிருப்பதும் இல்லை. ஒரு வீட்டில் மட்டும் ஸ்ப்ரே அடித்தால் பூச்சி அடுத்த வீட்டுக்கு ஓடும். அவர்கள் அடித்தால் திரும்பி வரும். இங்கே மருந்தைவிட முதலில் தேவை பேச்சு. "மதினி, எங்க வீட்ல மூட்டைப்பூச்சி இருக்கு, உங்க கட்டிலையும் ஒருக்கப் பாருங்க" என்று ஒருவர் வாய்திறந்தால் மற்றவர்களும் ஒத்துக்கொள்வார்கள். ஒரே நாளில் வரிசை முழுக்கக் கட்டில்களை வாசலுக்கு எடுத்து வெந்நீர் ஊற்றலாம். மருந்து அடிப்பதென்றாலும் வரிசை முழுக்க ஒரே நாளில் அடிக்க வேண்டும். செலவு யாருடையது என்ற கேள்வி லயத்தில் கட்டாயம் வரும். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே குடியிருப்பு கொடுத்துப் பராமரிப்பதைத் தோட்டத்தின் பொறுப்பாக வைத்தது. சுவர் விரிசல் அடைப்பதையும் மருந்துச் செலவையும் யூனியன் மூலமாகச் சேர்ந்து கேட்கலாம். தனியாக ஒரு வீட்டுக்காரர் போய்க் கேட்டால் "உங்க வீட்டுச் சுத்தம் சரியில்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாடகை வரிசை வீட்டில் வீட்டுக்காரரிடம் பாதிச் செலவாவது கேளுங்கள், அவருடைய அடுத்த குடித்தனத்துக்கும் அது நல்லதுதான்.

மேலே வேலைக்குப் போய்வருபவர்கள் பையை நேராகக் கட்டிலில் வைக்காமல் வாசல் திண்ணையிலேயே பிரித்து, துணியை வெந்நீருக்கோ கறுப்புப் பைக்கோ அனுப்பிவிடுவது நல்லது. லாட்ஜில் தங்கினால் பையை இறக்குமுன் தலைமாட்டுப் பலகையில் டார்ச் அடித்துப் பாருங்கள். வீட்டில் கடைசிப் பூச்சி கண்ணில் பட்ட பிறகு எட்டு வாரம் வரை கிண்ணங்களை எடுக்காதீர்கள். அதற்குள் புதுக் கறுப்புப் புள்ளியோ கிண்ணத்தில் குஞ்சோ தென்பட்டால் வெந்நீரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.